கரையில் படித்தது தண்ணீரில் கரையுமா?

வாசகர் கேள்வி – பதில்

கயாக், போட், அலைச்சறுக்கு, காட்டுப்பயணம் என்று வெளிக்களத் தொழிலுக்கு ஆள் தயார்படுத்துவோரும் தயாராகிக்கொண்டிருப்போரும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து அனுப்பிய கேள்விகளில் ஏழு கேள்விகளை இம்முறை எடுத்துக்கொண்டோம். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியில் கயாக் வழிகாட்டிகளைப் பயிற்றுகிறோம். காற்றுப் பற்றிய எழுத்துப் பரீட்சையில் எல்லாரும் எழுபது புள்ளிக்கு மேல். ஆனால் கச்சான் எழும்பிய ஒரு நாள், நான்கு பேரில் மூன்று பேர் எந்தப் பக்கம் திரும்புவதென்று தெரியாமல் நடுவாவியில் நின்றுவிட்டார்கள். வகுப்பைக் கூட்டுவதா, தண்ணீரில் விடும் நேரத்தைக் கூட்டுவதா?
– பயிற்றுநர், கல்லடி

பதில்: இரண்டையும் கூட்டத் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் அட்டை போதும்.

பரீட்சைத் தாள் கேட்டது, ‘கச்சான் எத்திசைக் காற்று?’ மேற்கு என்று எழுதினால் புள்ளி. வாவி கேட்பது வேறு: இந்த இடத்தில், இந்த நேரத்தில், களைத்துப்போன இரண்டு விருந்தினரையும் வைத்துக்கொண்டு எந்தக் கரைக்குப் போகப்போகிறாய்? இதை உங்கள் பயிற்சியில் எவரும் அவர்களிடம் கேட்டிருக்க மாட்டார்கள். முதல்முறை கேட்டதே காற்றுத்தான்.

தண்ணீரில் இறங்குமுன் ஆளுக்கொரு உள்ளங்கையளவு அட்டை கொடுங்கள். பென்சிலால் எழுதட்டும், பேனா மை நனைந்தால் ஓடிவிடும். நான்கு வரிகள். காற்று எங்கிருந்து வருகிறது, அதை எதை வைத்துச் சொல்கிறாய்? அக்கரையில் 500 மீற்றரில் உள்ள ஓர் அடையாளத்துக்குப் போக எத்தனை நிமிடம், வர எத்தனை நிமிடம்? இன்னும் ஒரு மணித்தியாலத்தில் காற்று கூடுமா, குறையுமா? எதைக் கண்டால் குழுவைத் திருப்புவாய்? ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கக்கூடாது. பிறகு போய் வரட்டும். வந்தவுடன், ஈரக்கையோடேயே, நடந்ததை அதே அட்டையில் பக்கத்தில் எழுதட்டும். கணிப்புக்கும் நடப்புக்கும் இடையே விழுந்த வித்தியாசந்தான் அன்றைய பாடம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். புதியவர் எதிர்காற்றில் மணிக்கு 3 கிலோமீற்றரும் பின்காற்றில் 5 கிலோமீற்றரும் போவார் என்று வைப்போம். 500 மீற்றரை எதிர்த்துக் கடக்க 10 நிமிடம், காற்றோடு திரும்ப 6 நிமிடம். முதலில் காற்றோடு போனவர் 6 நிமிடத்தில் சிரித்துக்கொண்டு போய்ச் சேர்வார். திரும்ப 10 நிமிடம், அதுவும் களைத்த கையோடு. இடையில் காற்று கூடினால் அந்தப் பத்து இருபதாகும். அட்டையில் பெரும்பாலானோர் போகவும் வரவும் ஒரே நிமிடத்தைத்தான் எழுதுவார்கள். எழுதட்டும், திருத்தாதீர்கள். வாவி திருத்தும்.

கச்சான், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து கிழக்குக் கரையான எழுவான்கரைக்கு வீசும் காற்று. கல்லடிப் பக்கம் வாவியில் இறங்கியவர் எதிர்த்துப் போய்க் காற்றோடு வீடு சேர்வார். வவுணதீவுப் பக்கம் இறங்கியவருக்கு எல்லாம் நேர்மாறு. அதே காற்று கல்லடிக் கடற்கரையில் ஆளைக் கடலுக்குள் தள்ளும். கரையோரத் தண்ணீரோ தட்டையாகக் கிடக்கும், அலை இல்லையே என்று புதியவர் இறங்குவார். ஒரே காற்றுக்கு மூன்று இடத்தில் மூன்று முடிவு. ‘மேற்கு’ என்ற விடை மூன்றுக்கும் சரி, ஒன்றுக்கும் உதவாது.

இன்னொன்று. கடலின் தோற்றத்தை வைத்துக் காற்றின் வேகத்தை மதிப்பிடும் போஃபோர்ட் அளவுகோலில், அங்கொன்று இங்கொன்றாக நுரைத்தலை (அலை உச்சியின் வெண்ணுரை) தெரிந்தால் மணிக்கு 12 முதல் 19 கிலோமீற்றர், எங்கும் அடிக்கடி தெரிந்தால் 20 முதல் 28 என்று படிப்பிக்கிறோம். அது திறந்த கடலுக்கு எழுதியது. அலை எழும்பக் காற்று தண்ணீர்மேல் நெடுந்தூரம் ஓடிவரவேண்டும். படுவான்கரையோரத்தில் அந்தத் தூரம் இல்லை, கண்டல் மரங்களின் மறைவும் உண்டு. ஆகவே அங்கே தண்ணீர் சும்மா கிடக்கும்போதே நடுவாவியில் காற்று பலத்திருக்கும். நுரையை மட்டும் பார்க்கப் பழகியவர் அங்கேதான் ஏமாறுவார். தென்னோலையையும் கண்டல் உச்சியையும் சேர்த்துப் பார்க்கப் பழக்குங்கள்.

உங்கள் கடிதத்தின் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருப்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது: வகுப்பு மாரியில் நவம்பர், டிசம்பரில், தண்ணீர்ப் பயிற்சி ஜூனில். ஆறு மாத இடைவெளி. எந்தப் பாடமும் அவ்வளவு நாள் தாங்காது. மாரியில் கயாக் இறக்க முடியாவிட்டாலும் காற்றையும் வெள்ளத்தையும் கரையில் நின்று கணிக்கலாம். பாலமீன்மடுப் பக்கம் முகத்துவாரத்தை அடைத்த மணல்திட்டு வெட்டப்பட்டால் வாவி நீர் எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு கம்பை நட்டு நாளுக்கு இருமுறை அளக்கலாம். வெட்டிய வாய்க்குக் கிட்டே மட்டும் எவரையும் விடாதீர்கள், மணல் விளிம்பு காலோடு சரியும்.

கேள்வி: ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் வட்டமாக உட்கார்ந்து மீள்நோக்கு உரையாடல் நடத்துகிறோம். ‘நல்லா இருந்திச்சி சேர்’ என்பதைத் தவிர ஒன்றும் வருவதில்லை. கோல்ப் வட்டத்தைச் சுவரில் ஒட்டியும் பயனில்லை.
– பயிற்சி இணைப்பாளர், களுவாஞ்சிக்குடி

பதில்: ‘எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘நல்லா இருந்திச்சி’ என்பதுதான் மரியாதையான மறுமொழி. சாப்பிட்டுக் கைகழுவும் விருந்தாளியிடம் கேட்பது போன்ற கேள்வி அது.

கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984 இல் முன்வைத்த அனுபவக் கற்றல் வட்டத்தில் நான்கு கட்டங்கள்: அனுபவம், அதைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு கருத்தை எடுத்தல், அந்தக் கருத்தை மறுபடி செய்து பார்த்தல். சுவரில் நான்கும் இருக்கும். நடைமுறையில் முதல் கட்டம் முடிந்ததும் தேநீர் வந்துவிடும், மூன்றாவதைப் பயிற்றுநர் சொல்லிமுடிப்பார், நான்காவது அடுத்த மாதம். அதாவது மாணவர் செய்வது ஒன்றே ஒன்று.

மாற்றவேண்டியவை சில. தேநீருக்கு முன், உடை மாற்றுமுன் நடத்துங்கள். 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பயிற்றுநர் கடைசியில் பேசட்டும், வயதிலும் அனுபவத்திலும் குறைந்தவர் முதலில் பேசட்டும். மூத்தவர் சொன்னபின் இளையவர் மாற்றிச் சொல்லமாட்டார், நம் ஊர்ப் பழக்கம் அது. கேள்வி நிமிடத்தைத் தொடட்டும்: ‘மூன்றாவது கயாக் பின்தங்கியதை முதலில் கண்டது யார், எப்போது?’ ‘கண்டதற்கும் விசில் ஊதியதற்கும் இடையில் என்ன யோசித்தாய்?’ இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் மறுமொழி எந்தப் பரீட்சைத் தாளிலும் வராது. ‘சேர் பார்த்திருப்பார் என்று நினைச்சன்’ என்பார்கள். குழுத் தலைமை பற்றிய பாடத்தை அந்த வாக்கியத்திலிருந்து தொடங்கலாம்.

ஒரு நாளைக்கு ஒரு விடயம் மட்டும் எடுங்கள். அதை அன்றே, 10 நிமிடமாவது, மறுபடி தண்ணீரில் செய்து பாருங்கள். நேரமில்லை என்றால் காலைப் பயணத்தைக் குறையுங்கள், மறுமுறையைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: சிறுவயதிலிருந்து அறுகம்பேக் கடலில்தான் வளர்ந்தேன். நான்கு வருடமாக வெளிநாட்டவருக்கு அலைச்சறுக்குப் பழக்குகிறேன். இப்போது வந்து தியரி படி என்கிறார்கள். கடலைப் பற்றி எனக்குப் புத்தகம் என்ன சொல்லித்தரப் போகிறது?
– பொத்துவில்

பதில்: கடலைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லாது, தம்பி. உங்கள் கால் அறிந்ததை வாய்க்குக் கொண்டுவர உதவும், அவ்வளவுதான். கைதேர்ந்தவர்கள் தாம் சொல்லக்கூடியதைவிட அதிகம் அறிந்திருப்பார்கள் என்பதை டொனால்ட் ஷோன் 1983 இல் விரிவாகவே எழுதினார். அது குற்றமல்ல. ஆனால் உங்கள் தொழில் சறுக்குவதல்ல, சறுக்கப் பழக்குவது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கடலே காணாத ஒருவரை மணலில் நிறுத்தி, எங்கே இறங்கலாம், ஏன் என்று ஐந்து நிமிடத்தில் சொல்லுங்கள். போனில் பதிந்து கேளுங்கள். ‘அங்கால இழுக்கும், இங்கால இறங்குங்க’ என்றிருந்தால் அது கட்டளை, காரணமில்லை. அந்த விருந்தினர் நாளைக்குத் தனியே பீனட் ஃபாம் கடற்கரைப் பக்கம் போவார். உங்கள் கட்டளை அங்கே போகாது, காரணம் போகும்.

காரணம் என்பது இப்படி இருக்கவேண்டும்: அலை உடைந்து கரைக்கு வந்த தண்ணீர் எங்காவது திரும்பிப் போகவேண்டும். ஆழமான இடைவெளி வழியாகப் போகும். அந்த இடத்தில் அலை உடைவது குறைவு, நிறம் கறுத்திருக்கும், நுரையும் சருகும் கடல்பக்கம் நகரும். பழகாத கண்ணுக்கு அதுவே அமைதியான, இறங்கத் தோதான இடமாகத் தெரியும். மாட்டிக்கொண்டால் அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தாதே. பலத்த இழுவை செக்கனுக்கு 2 மீற்றர் வரை ஓடும், எந்த நீச்சல் வீரரும் தோற்கும் வேகம். பலகையை விடாமல் மித, கையைத் தூக்கு, முடிந்தால் கரைக்கு இணையாக நகர்ந்து வெளியேறு. இதை உங்கள் ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்தில் சொல்லப் பழகினீர்களென்றால் தியரிப் பாடத்தின் பாதி முடிந்தது.

மறுபாதி, நீங்கள் பழக்கத்தில் செய்வதைப் படிகளாகப் பிரிப்பது. நீங்கள் பலகையில் எழும்புவது ஒரே அசைவு. விருந்தினருக்கு அது நான்கு. எந்தப் படியில் அவர் தவறுகிறார் என்று உங்களால் சொல்ல முடியாவிட்டால் ‘எழும்புங்க, எழும்புங்க’ என்று கத்துவதே பயிற்சியாகிவிடும். கண் கீழே பார்த்தால் உடல் முன்னுக்கு விழும். கை பலகையின் விளிம்பைப் பிடித்தால் பலகை சாயும். முழங்காலை ஊன்றினால் எழும்ப நேரம் போதாது. விழும்போது தட்டையாக விழு, தலை கீழாக வேண்டாம், மேலே வரும்போது இரு கையாலும் தலையை மூடு என்பதைத் தண்ணீரில் இறங்குமுன் மணலிலேயே மூன்றுமுறை செய்விக்கவேண்டும். காயங்கள் பல சொந்தப் பலகை மோதித்தான் வருகின்றன.

கேள்வி: எங்கள் சங்கத்தில் பயிற்சிக்குப் பணம் குறைவு. மீட்புப் பயிற்சிக்கு ஒரே ஒரு பொருள்தான் வாங்கலாமென்றால் எதை வாங்குவது?
– வாழைச்சேனை

பதில்: லைஃப் ஜக்கெட் ஏற்கெனவே ஆளுக்கொன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறோம். இல்லையென்றால் பயிற்சியையே தொடங்கக்கூடாது. அடுத்தது எறிகயிற்றுப் பை, அதாவது தண்ணீரில் தவிப்பவருக்கு எறியக் கயிறு திணித்த பை. அதை வாங்கவும் தேவையில்லை, தைக்கலாம்.

8 மில்லிமீற்றர் பொலிப்ரொப்பிலீன் கயிறு 15 மீற்றர். நைலோன் கயிறு வேண்டாம், அது தாழும், பொலிப்ரொப்பிலீன் மிதக்கும். கடையில் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தே வாங்குங்கள். குடைச்சீலை அல்லது உரப்பைத் துணியில் முழங்கையளவு நீளமான பை. அடியில் ஓட்டை போட்டுக் கயிற்றை விட்டு வெளியே ‘8’ வடிவ முடிச்சு ஒன்று. உள்ளே அடியில் பழைய ரப்பர்ச் செருப்பின் ஒரு துண்டு, பை மிதக்க. தண்ணீர் வடிய இரண்டு சிறு துளைகள். கயிற்றின் மறுமுனையை அப்படியே விடுங்கள், கைவளையம் கட்டாதீர்கள். கட்டினால் யாராவது மணிக்கட்டில் மாட்டுவார், இழுவையில் அவரும் உள்ளே போவார்.

கயிற்றை அழகாகச் சுருட்டி வைக்காதீர்கள், சுருள் சிக்கும். பிடி பிடியாகப் பைக்குள் திணிக்கவேண்டும், அலங்கோலமாக இருந்தால்தான் தடையில்லாமல் ஓடும்.

பயிற்சி: தேங்காயொன்றைக் கயிற்றில் கட்டி 10 மீற்றரில் மிதக்கவிடுங்கள். ‘கயிறு!’ என்று கத்தி, கண்ணைப் பார்த்து, பிறகு எறியவேண்டும். பத்து எறியில் ஏழு, தேங்காயிலிருந்து கைநீட்டும் தூரத்துக்குள் கயிறு விழவேண்டும். பலர் ஆளைக் குறிபார்த்து எறிவார்கள், பை ஆளுக்கு முன்னால் விழும். ஆளைத் தாண்டி எறிந்தால்தான் கயிறு தோளில் விழும். இதை முதலிலேயே சொல்லிக்கொடுக்காதீர்கள் என்பது எங்கள் பிடிவாதம். மூன்றுமுறை தவறவிட்டு ‘ஏன் எட்டுதில்ல?’ என்று அவரே கேட்கட்டும். காரணத்துக்கான நேரம் அப்போதுதான்.

ஏழு சரியானதும் உண்மையான சோதனை: முதல் எறி தவறிவிட்டது, இரண்டாவதை 20 செக்கனுக்குள் எறி. திணிக்க நேரமில்லை. கயிற்றை இழுத்துக் கையில் பெரிய வளையங்களாக எடுத்து, பையில் சிறிது தண்ணீர் மொண்டு பாரமாக்கி எறியவேண்டும். முதல் எறியில் கெட்டிக்காரர்களாகத் தெரிந்தவர்கள் பலர் இங்கே தடுமாறுவார்கள்.

பிடிக்கும் பக்கத்தையும் பழக்குங்கள். தண்ணீரில் இருப்பவர் பையை அல்ல, கயிற்றைப் பிடித்து மல்லாந்து, தோளுக்கு மேலால் எடுக்கவேண்டும். கரையில் இருப்பவர் குந்தி உட்கார்ந்து குதிகாலை ஊன்றட்டும். பயிற்சி முடிய நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவிடுங்கள். வெயில் இந்தக் கயிற்றைத் தின்றுவிடும்.

கேள்வி: போன வருடம் ஒருநாள் முதலுதவிப் பயிற்சி பெற்றோம். இப்போது கேட்டால் நெஞ்சமுக்கம் எத்தனை, மூச்சு எத்தனை என்பதே பாதிப்பேருக்கு நினைவில்லை.
– கடற்கரை உயிர்காப்பாளர், பாசிக்குடா

பதில்: அது உங்கள் குறையல்ல. இந்தத் திறன் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தேயத் தொடங்கும். வருடத்துக்கு ஒரு முழுநாளைவிட மாதத்துக்கு ஐந்து நிமிடம் மேல்.

நீரில் மூழ்கியவருக்குக் குறை மூச்சுக்காற்று. ஆகவே, மூச்சு இல்லையென்றால், ஐரோப்பிய வழிகாட்டலின்படி முதலில் ஐந்து மீட்பு மூச்சு, பிறகு 30 அமுக்கம், 2 மூச்சு என்று தொடரவேண்டும். அமுக்கம் 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120. இரண்டு நிமிடத்துக்கொருமுறை ஆள் மாறுங்கள், அதற்குமேல் அமுக்குபவருக்குத் தெரியாமலே ஆழம் குறையும். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது இரண்டும் கூடாது. வாந்தி நுரையீரலுக்குள் போகும், நேரமும் போகும். சுற்றி நிற்பவர்கள் ‘வயிற்றை அமுக்குங்க’ என்று கத்தத்தான் செய்வார்கள். பயிற்சியிலேயே நாலு பேரை அப்படிக் கத்தவிடுங்கள்.

நீங்கள் பழகியது மண்டபத்துச் சீமெந்துத் தரையில். கடற்கரையில் மணல் அமிழும், அமுக்கத்தில் பாதியை அது வாங்கிக்கொள்ளும். அலை எட்டாத இறுகிய மணலில், தண்ணீர்க் கரைக்கு இணையாகக் கிடத்துங்கள், தலையும் காலும் ஒரே மட்டத்தில் இருக்கும். மாதாந்தப் பயிற்சியை அங்கேயே, நனைந்த உடையோடு, 50 மீற்றர் ஓடிவந்த மூச்சிரைப்போடு செய்யுங்கள். பொம்மை இல்லாவிட்டால் இறுகத் திணித்த தலையணை போதும்.

கூடவே ஒருவர் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்க்கட்டும், போனில் அழைக்காமல்: என்ன நடந்தது, எத்தனை பேர், எந்த வீதி, எந்த அடையாளம், அம்புலன்ஸை வீதியில் நின்று மறிப்பது யார். ‘பீச்சில’ என்பது முகவரி அல்ல.

கேள்வி: சேனநாயக்க சமுத்திர நீர்த்தேக்கத்தில் போட் சவாரி வழிகாட்டியாகப் பழகுகிறேன். நீந்தும் யானைக்குக் கிட்டப் போகக்கூடாது என்ற விதி தெரியும். பயணி காசை நீட்டிக் ‘கிட்டப் போ’ என்றால் என்ன செய்வது?
– அம்பாறை

பதில்: விதி தெரிந்தும் மீறப்படுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் மறுத்துச் சொல்ல எவரும் பழக்குவதில்லை. இருவராகப் பழகுங்கள். ஒருவர் பயணி, கையில் தாளோடு, மற்றவர் வழிகாட்டி. தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் மூன்றுமுறை.

எஞ்சின் ஸ்டார்ட் பண்ணுமுன், கரையிலேயே சொல்லிவிடுவது பாதி வெற்றி. வாக்கியத்தில் காரணமும் மாற்று வழியும் இருக்கட்டும்: ‘நீந்தும் யானை தும்பிக்கையால்தான் மூச்சு விடுகிறது, போட் அலை அதற்குள் போகும். அதற்கும் கரைக்கும் நடுவே போனால் திரும்பவும் ஆழத்துக்கு நீந்தும். இங்கே எஞ்சினைக் குறைத்து நின்றால் அது கரையேறும்வரை பார்க்கலாம்.’ ‘பார்க் ஆட்கள் பிடிப்பார்கள்’ என்று மட்டும் சொன்னால், ஆட்கள் இல்லையே என்று பயணி சுற்றிப் பார்ப்பார்.

கேள்வி: பதினைந்து வருட அனுபவம் இருக்கிறது, சான்றிதழ் இல்லை. மறுபடி முதலாம் நாளிலிருந்து கோஸ் படிக்கவேண்டுமா?
– அக்கரைப்பற்று

பதில்: கட்டாயமில்லை. தேசிய தொழிற்தகைமை முறையில் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழி உண்டு: செய்த வேலைக்கான சான்றுகளைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டித் தகைமை பெறுவது. உங்கள் தொழிலுக்கு அந்த வசதி இருக்கிறதா என்று மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவான பயிற்சி நிலையமொன்றில் கேளுங்கள். சுற்றுலா வழிகாட்டி அனுமதிப்பத்திரம் வேறு, அது சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தருவது. ஒன்று இருந்தால் மற்றது தானாக வராது.

இன்றைக்கே ஒரு கொப்பி தொடங்குங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் திகதி, இடம், எத்தனை பேர், காற்று, எடுத்த ஒரு முடிவு. தவறவிருந்து தப்பியவற்றையும் எழுதுங்கள். சிக்கலே இல்லாத கொப்பியை அனுபவமுள்ள எவரும் நம்பமாட்டார்.